கைப்பேசி ஒப்பந்தத்தை இடையில் முறிப்பது எப்படி? கருவி யாருக்குச் சேரும்?

24 மாத ஒப்பந்தத்தில் கைப்பேசி வாங்கியவருக்குப் பதினைந்தாவது மாதத்தில் அலுத்துப்போவது புதிதல்ல. குடிபோன வீட்டில் அலைவரிசை எட்டுவதில்லை, சம்பளம் குறைந்துவிட்டது, சிங்கப்பூரில் வேலை அமைந்துவிட்டது, அல்லது பக்கத்து வீட்டுக்காரர் பாதி விலையில் அதே அளவு இணையம் பயன்படுத்துகிறார். அந்த நேரத்தில் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பில் கட்டுவதை நிறுத்திவிட்டுக் கண்டுகொள்ளாமல் இருப்பார்கள். அல்லது கருவியைப் பெட்டி, சார்ஜரோடு கொண்டுபோய்க் கவுண்டரில் வைத்து, "கணக்கை முடித்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். முதலாவது வசூல் முகவரிடமும் கடன் அறிக்கையிலும் போய் நிற்கும். இரண்டாவது பெரும்பாலும் நடக்காது. பயன்படுத்திய கைப்பேசியை வைத்துக்கொண்டு நிறுவனம் என்ன செய்யும்? அதற்கு வேண்டியது பணம்.

சேவை ஒரு கணக்கு, கருவி இன்னொரு கணக்கு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மீதி வேலை சுலபம்.

படி 1: உங்களுடையது எந்த வகை ஒப்பந்தம்?

ஒப்பந்தத் தாளை எடுங்கள். தொலைந்திருந்தால் மின்னஞ்சலில் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால் வாடிக்கையாளர் சேவை மையத்தில் நகல் கேளுங்கள். பளபளப்பான முதல் பக்கத்தைத் தள்ளிவிட்டு, பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளுக்குப் போங்கள். பொறுமை வேண்டும், மூக்குக்கண்ணாடியும் வேண்டும். ஆனால் நீங்கள் தேடுவது இரண்டே வரிகள்: கருவியின் உரிமை எப்போது உங்களுக்கு மாறுகிறது, இடையில் நிறுத்தினால் எவ்வளவு கட்ட வேண்டும்.

மலேசியாவில் புழக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் நான்கு வகை. பழைய வகை, சலுகை விலைக் கருவி: 2,000 ரிங்கிட் கைப்பேசியை 800 ரிங்கிட்டுக்குக் கொடுத்து, பதிலுக்கு உங்களை 24 மாதம் கட்டிப்போடுவார்கள். இதில் கருவி பொதுவாக வாங்கிய அன்றே உங்களுடையது. சேவையை முறித்தால் பெனால்டி உண்டு. கருவியை யாரும் பிடுங்க முடியாது.

இரண்டாவது, மாதத் தவணை. கருவியின் விலை பில்லில் தனி வரியாக வந்துகொண்டிருக்கும். இங்கேதான் கவனம் தேவை. கடைசித் தவணை கட்டும்வரை கருவி நிறுவனத்தின் சொத்து என்று சில ஒப்பந்தங்கள் சொல்கின்றன. 1957ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி, இரு தரப்பும் எப்போது உரிமை மாற வேண்டும் என்று கருதினார்களோ அப்போதுதான் அது மாறும். ஆகவே அந்தப் பொடி எழுத்து வரிக்கு உண்மையிலேயே எடை உண்டு. பாக்கித் தவணை முழுவதையும் கட்டி முடித்தால் கருவி உங்களுக்கு. கட்டாமல் விற்றால் சிக்கல் உங்களுக்கு. பாக்கி நின்றால் தொலைவிலிருந்தே கைப்பேசியைப் பூட்டிவிடும் தொழில்நுட்பமும் வந்துவிட்டது.

மூன்றாவது, வங்கிக் கடன் அட்டைத் தவணையிலோ கடன் நிறுவனத்தின் மூலமாகவோ வாங்கியது. இதில் கருவிக்கான கடன் அவர்களோடு. தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு அதில் பங்கில்லை. சிம் அட்டையை நாளைக்கே நிறுத்தினாலும் தவணை தன் பாட்டுக்கு ஓடும்.

நான்காவது, குறிப்பிட்ட மாதங்களுக்குப் பிறகு பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளும் திட்டம். கருவியைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சு வருவது இங்கே மட்டும்தான். திரையில் கீறல், மின்கலத்தின் நிலை எல்லாம் பார்ப்பார்கள். அந்த நிபந்தனைகளைப் படிக்காமல் கடைக்குப் போக வேண்டாம்.

வகை தெரிந்ததும் கைப்பேசியில் *#06# என்று அழுத்துங்கள். திரையில் வரும் 15 இலக்க அடையாள எண் ஒப்பந்தத்தில் இருப்பதோடு பொருந்துகிறதா பாருங்கள். உத்தரவாதத்தில் கருவியை மாற்றிக் கொடுத்திருந்தால் எண் மாறியிருக்கும். அதை இப்போதே சரிசெய்துகொள்வது நல்லது.

படி 2: கணக்குப் போடுங்கள்

பெனால்டி இரண்டு விதமாக வரும். சிலவற்றில் மாதம் குறையக் குறையத் தொகையும் குறையும். சிலவற்றில் எந்த மாதம் நிறுத்தினாலும் ஒரே தொகை. வித்தியாசம் சிறியதல்ல. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். எண்கள் என் கற்பனை, முறைதான் முக்கியம்.

மாதக் கட்டணம் 98 ரிங்கிட். தொலைத்தொடர்புக்கு 6 விழுக்காடு சேவை வரி சேர்த்தால் 103.88. (2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு வரி 8 விழுக்காடாக உயர்ந்தபோதும் தொலைத்தொடர்பு 6 விழுக்காட்டிலேயே விடப்பட்டது.) ஒன்பது மாதம் பாக்கி. அப்படியே இருந்தால் 934.92 கட்டுவீர்கள். பாக்கி மாதம் ஒன்றுக்கு 50 ரிங்கிட் என்று கணக்கிட்டுக் குறைந்துகொண்டே வரும் பெனால்டி என்றால் இன்றைய தொகை 450. வேறு நிறுவனத்தில் 40 ரிங்கிட் திட்டத்துக்குப் போனால், வரியோடு ஒன்பது மாதத்துக்கு 381.60. கூட்டினால் 831.60. வெளியேறுவதில் 103 ரிங்கிட் மிச்சம். சரி, போகலாம்.

இப்போது நான்கே மாதம் பாக்கி, பெனால்டி மாறாத 500 ரிங்கிட் என்று வையுங்கள். இருந்தால் 415.52, வெளியேறினால் 669.60. இந்த நிலையில் ஒப்பந்தத்தை முறிப்பவர் கோபத்தில்தான் முறிக்கிறார்.

கருவித் தவணை பாக்கியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மாதம் 75 வீதம் ஒன்பது மாதம் என்றால் 675 ரிங்கிட். அது இருந்தாலும் போனாலும் நீங்கள் கட்டியாக வேண்டிய கடன். வெளியேறினால் ஒரே மூச்சில் கட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அதையும் பெனால்டியோடு சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லும்போதுதான் மனிதர்கள் மிரண்டுபோகிறார்கள்.

முறிக்காமலே தப்பிக்க வழி உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள். குறைந்த விலைத் திட்டத்துக்கு இறங்க ஒப்பந்தம் இடம் கொடுக்கலாம். எண்ணையும் ஒப்பந்தத்தையும் தம்பி, தங்கை பெயருக்கு மாற்றவும் சில நிறுவனங்கள் ஒப்புக்கொள்கின்றன.

படி 3: கவுண்டரில் பேசுவது

யார் பெயரில் பதிவோ அவர்தான் அடையாள அட்டையோடு போக வேண்டும். நம் வீடுகளில் அப்பாவின் எண் மகன் பெயரில் இருக்கும், மகன் கோலாலம்பூரில் இருப்பான். அப்பா பட்டர்வொர்த்திலிருந்து பாலம் கடந்து பினாங்குத் தீவுக்கு வந்து வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். முதலில் பெயரைப் பாருங்கள்.

பேச்சு இப்படிப் போக வேண்டும்:

"அங்கிள், இன்று நிறுத்தினால் மொத்தம் 1,125 ரிங்கிட் வருகிறது."

"அதில் கருவிக்கு எவ்வளவு, ஒப்பந்தத்தை முறிக்க எவ்வளவு? பிரித்துச் சொல்லம்மா."

"கருவித் தவணை பாக்கி 675, பெனால்டி 450."

"கட்டி முடித்தால் கருவி என்னுடையதுதானே? அதை மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடு. பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்."

எழுத்தில் வராத தொகைக்கு அன்றே கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. புதிய கருவியைக் காட்டி, "இன்னொரு 24 மாதம் போட்டுவிட்டால் பெனால்டியைத் தள்ளிவிடலாம்" என்று ஆசை காட்டுவதும் உண்டு. வேண்டுமென்றால் வாங்குங்கள், ஆனால் நீங்கள் வந்தது வெளியே போக.

படி 4: எண் வேண்டுமா? வரிசையை மாற்றாதீர்கள்

மலேசியாவில் 2008 முதல் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்ற முடிகிறது. எண் வேண்டுமானால் பழைய சேவையை நீங்களாக நிறுத்தக் கூடாது. நின்றுபோன எண்ணைக் கொண்டுபோக முடியாது. புதிய நிறுவனத்தில் விண்ணப்பியுங்கள். எண் மாறும்போது பழைய கணக்கு தானாக மூடப்படும். அந்த மூடலும் ஒப்பந்த முறிவுதான். புதிய நிறுவனத்தின் விற்பனையாளர் இதைப் பெரும்பாலும் வாய் திறந்து சொல்லமாட்டார். பெனால்டி பழைய நிறுவனத்தின் கடைசி பில்லில் வந்து சேரும். ஆகவே படி 3 முடியாமல் இந்தப் படிக்கு வர வேண்டாம்.

படி 5: கடைசி பில்

கடைசி பில் வந்து, கட்டி, பாக்கி பூஜ்யம் என்று எழுத்தில் கிடைக்கும்வரை வங்கிக் கணக்கிலிருந்து பில் பணம் தானாகப் பிடிக்கப்படும் ஏற்பாட்டை நிறுத்தாதீர்கள். சிறு தொகை பாக்கி நின்றாலும் அது சிடோஸ் போன்ற கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையில் ஏறலாம். பிறகு வீட்டுக் கடனோ கார் கடனோ கேட்கும்போது வங்கி அதிகாரி அதைத்தான் முதலில் காட்டுவார்.

தொகை நியாயமாக இல்லையென்று பட்டால் முதலில் நிறுவனத்திடமே புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். அங்கே தீராவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் புகார் தளம் இருக்கிறது. பினாங்குவாசிகளுக்கு மஸ்ஜித் நெகிரி சாலையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, தமிழிலேயே விளக்கலாம். புகார் எழுதும்போது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகையை அது உச்சவரம்பாகவே பார்க்கிறது. அதற்கு உட்பட்ட நியாயமான இழப்பீடுதான் நிறுவனத்துக்குக் கிடைக்கும். கடைசி வாசல் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம்: 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைக்குப் பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை.

எல்லாம் முடிந்து கருவியை விற்க நினைத்தால், பாக்கி தீர்ந்ததற்கான மின்னஞ்சலையும் வாங்கிய ரசீதையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். பினாங்கின் கொம்தார் வட்டாரத்துக் கடைகளில் பேரம் பேச இந்த இரண்டும் கைகொடுக்கும். சேவையில் சேரும்போது வைப்புத்தொகை கட்டியிருந்தால் அதையும் எழுதிக் கேளுங்கள். பல சமயம் கேட்பவர்களுக்குத்தான் அது திரும்ப வருகிறது.