கணைக்கால் எலும்புக்குள் நெயில் போடும்போது

கணைக்கால் எலும்பு முறிவுக்கு நெயில், அதாவது எலும்பின் உள்குழிக்குள் இறக்கும் நீண்ட உலோகத் தண்டு, போடப் பழகும் இளம் மருத்துவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: அறுவைக்காகத் துணி போர்த்துவதற்கு முன் அடிபடாத காலைப் பாருங்கள். முழங்கால் சிப்பி நேராக மேலே பார்க்கும்போது பாதம் எவ்வளவு வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆரம்ப காலத்தில் நான் செய்த ஒரு அறுவையில் எக்ஸ்ரே அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. துணியை எடுத்த பிறகுதான் பாதம் அளவுக்கு மீறித் திரும்பியிருப்பது தெரிந்தது. மறுபடியும் சுத்தம் செய்து, துணி போர்த்தி, நெயிலை எலும்போடு பூட்டும் கீழ் ஸ்க்ரூக்களைக் கழற்றித் திருத்தினோம். அந்த நோயாளி கூடுதலாக ஒரு மணி நேரம் மயக்கத்தில் கிடந்ததற்கு நான்தான் காரணம்.

அடுத்தது, நெயில் நுழையும் இடம். முன்பக்கத்திலிருந்து எடுக்கும் படத்தில், எலும்பின் மேல்தளத்தில் உள்ள இரண்டு கூர்முனைகளில் வெளிப்பக்க முனைக்குச் சற்று உள்ளே. பக்கவாட்டுப் படத்தில், மூட்டுப் பரப்பின் முன்விளிம்புக்குச் சற்று முன்னால். இரண்டு படத்திலும் கைடு வயர் (நெயிலுக்கு வழிகாட்டும் கம்பி) சரியாக இருந்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். நான்கு முறை மாற்றிக் குத்த நேர்ந்தாலும் பரவாயில்லை, இங்கே அவசரம் வேண்டாம்.

எலும்பின் நடுப்பகுதி குறுகலானது. அங்கே உடைந்திருந்தால் நெயில் உள்ளே போகும்போதே இரண்டு துண்டுகளும் ஓரளவு நேராகிவிடும். மேல் மூன்றில் ஒரு பங்கில் உடைந்திருந்தால் கதை வேறு. அங்கே எலும்புக்குழி அகலம், நெயில் எதையும் பிடித்துக்கொள்ளாது. முழங்காலை மடக்கினால் சிப்பிக்குக் கீழுள்ள தசைநாண் மேல்துண்டை இழுக்க, முறிவு முன்பக்கம் கூம்பி நிற்கும். கூடவே காலின் கீழ்ப்பகுதி வெளிப்பக்கம் சாயும். அதனால் இந்த முறிவுகளில் முழங்காலைக் கொஞ்சம் மட்டும் மடக்கி, சிப்பிக்கு மேலிருந்து நெயிலை இறக்குவதே எனக்குப் பிடித்த வழி. அதுவும் போதாவிட்டால், நெயில் தப்பான பக்கம் போகாமல் மறிக்கும் தடுப்பு ஸ்க்ரூ. மேல்துண்டில் நெயில் போகும் பாதைக்குப் பின்னால் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. வளைவின் குழிந்த பக்கம் எதுவோ அங்கே வைக்க வேண்டும் என்று நினைவில் வைத்தால் தடுமாற்றம் வராது. எலும்பைச் சரியான நிலையில் பிடித்துவைத்த பிறகே, எலும்புக்குழியைக் குடைந்து அகலமாக்கும் ரீமரைக் கையில் எடுங்கள். கோணலாகக் குடைந்த பாதையில் நெயிலும் கோணலாகத்தான் போகும்.

ரீமரை அரை மில்லிமீட்டராகக் கூட்டிக்கொண்டே போங்கள். எலும்பின் உட்சுவரில் உரசும் அதிர்வு கைக்குத் தெரியும். நெயிலின் தடிமனைவிட 1 முதல் 1.5 மில்லிமீட்டர் அதிகமாகக் குடைந்தால் போதும். அந்த நேரத்தில் டூர்னிகே (ரத்த ஓட்டத்தை நிறுத்தத் தொடையில் கட்டும் பட்டை) இறுக்கி இருக்கக் கூடாது. ரத்த ஓட்டம் இல்லாத எலும்பு சூட்டில் கருகக்கூடும்.

நெயில் இறங்கியதும் கீழ் ஸ்க்ரூக்களை முதலில் பூட்டுங்கள். முறிவில் இடைவெளி தெரிந்தால், நெயிலை மெதுவாகப் பின்னோக்கித் தட்டி இரண்டு துண்டுகளையும் சேர்த்துவிடலாம். அப்புறம் குறித்துவைத்த பாத நிலையோடு ஒப்பிட்டுவிட்டு மேல் ஸ்க்ரூக்கள். கீழ்ப்பகுதியில் சுருள் முறிவு என்றால், கணுக்கால் மூட்டின் பின்விளிம்பும் உடைந்திருக்கிறதா என்று அறுவைக்கு முன்பே சிடி ஸ்கேனில் பார்த்துவிடுங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் அது பல நேரம் தப்பிவிடுகிறது.

அன்று இரவு வார்டுக்கு நீங்களே போங்கள். கால் விரல்களை மெதுவாக நீட்டி மடக்கிப் பாருங்கள். வலி மருந்து கொடுத்தும் துடிக்கும் வலி, கல் போல இறுகிய தசை என்றால் காம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமை, அதாவது காலின் தசை அறைகளுக்குள் அழுத்தம் ஏறி தசைக்கு ரத்தம் போகாமல் தடுக்கும் நிலையை, நினையுங்கள். பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள், தசை செத்துக்கொண்டிருக்கும்போதும் நாடி இருக்கும். ரத்த அழுத்தத்தின் கீழ் அளவுக்கும் (டயஸ்டாலிக்) தசை அறையின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போனால் விடியும்வரை காத்திருக்காமல் நான்கு அறைகளையும் திறந்துவிட வேண்டும்.