‘நம்ம புள்ளதானே’ என்று தோட்டத்துப் பெற்றோர் சட்டத்தில் சறுக்கும் இடங்கள்

சிறுவர் சட்டம் என்றாலே யாரோ ஒரு கெட்டவனைப் பிடித்து உள்ளே போடுவதற்கானது என்றுதான் இலங்கை மலையகத்தில் பலர் நினைக்கிறோம். லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், அதைப் பெரும்பாலும் மீறுவது பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கிற நாம்தான். பழைய சட்டம் காதில் தங்கிவிட்டது, இல்லாவிட்டால் ஊர் வாய்க்குப் பயம்.

முதலில் வேலை. “பதினாலு முடிஞ்சா அனுப்பலாம்” என்று தரகர் இன்னும் சொல்லித் திரிவார். அது 2021க்கு முந்திய கதை. அந்த ஆண்டுத் திருத்தத்தோடு பிள்ளையை வேலைக்கு வைக்கக்கூடிய ஆகக்குறைந்த வயது 16 ஆகிவிட்டது. ஆபத்தான வேலைக்கு 18. கட்டாயக் கல்வியும் 2016 முதல் 16 வயது வரை. ஆகவே 15 வயதுப் பிள்ளையைக் கொழும்புக் கடைக்கோ பங்களாவுக்கோ அனுப்பினால் இரண்டு பக்கமும் சட்டம் இடிக்கும். “படிப்பு ஏறல்ல, சும்மா இருக்கிறதுக்குப் போகட்டும்” என்பது அங்கே எடுபடாது.

மலையகத்து டயகமவிலிருந்து வீட்டு வேலைக்குப் போயிருந்த 16 வயதுச் சிறுமி 2021 ஜூலையில் தீக்காயங்களோடு கொழும்பில் இறந்தபோது மலையகமே கொதித்தது. அப்புறம்? தரகருக்கு இன்னும் வீட்டுக்குள் பாய் விரிக்கிறோம். 16 தாண்டிய பிள்ளை கடை போன்ற வேலைக்குப் போகத்தான் வேண்டும் என்றால் முகவரியும் முதலாளியின் பெயரும் எழுத்தில் உங்கள் கையில் இருக்கட்டும். முன்பணம் மட்டும் வாங்காதீர்கள். அந்தக் கடனைக் காட்டியே பிள்ளையைத் திரும்ப விடமாட்டார்கள். கடனுக்கு ஈடாக ஒருவரை வேலையில் கட்டிப்போடுவது தண்டனைச் சட்டக்கோவையில் தனிக் குற்றம்.

அடுத்தது, வாயைத் திறக்கவே கூசுகிற விஷயம். பிள்ளைமேல் யாரோ கை வைத்துவிட்டான் என்று தெரிந்ததும் தோட்டத் தலைவரையோ கோயில் கமிட்டியையோ கூப்பிட்டு, காசு வாங்கிக் கொடுத்து முடித்துவிடுவார்கள். பாலியல் வன்முறை தோட்டத்துக்குள் பேசித் தீர்க்கக்கூடிய பிணக்கே அல்ல. பிள்ளைக்கு 16 வயது ஆகவில்லை என்றால் “அவளும் சம்மதிச்சாளாம்” என்ற கதையும் செல்லாது. அந்தப் பதற்றத்தில் தாய் முதலில் செய்வது பிள்ளையைக் குளிப்பாட்டி, உடுப்பைத் துவைத்துப் போடுவது. மனசு கேட்காதுதான். ஆனாலும் வழக்குக்காகப் பரிசோதிக்கும் டாக்டரான சட்ட வைத்திய அதிகாரி பார்க்கும்வரை பொறுங்கள். உடுப்பைத் துவைக்காமல் கடதாசிப் பையில் எடுத்துப் போங்கள். ஆளாளுக்குப் பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்பதையும் நிறுத்துங்கள். நியாயம் கேட்கிறோம் என்று பிள்ளையின் பெயரையும் படத்தையும் பேஸ்புக்கில் போட்டால் அதுவே இன்னொரு குற்றமாகிவிடும்.

தோட்டத்து மேலாளரான துரையிடம் சொல்லிவிட்டுத்தான் பொலிசுக்குப் போகவேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். பொலிசில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி நீட்டினால் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நம்மவர்கள் வழக்கில் தோற்பது பல நேரம் அந்த மேசையிலேயே.

கல்யாணம். “ரெண்டு பேரும் ஓடிப் போயிட்டாங்க, சேத்து வச்சிட்டோம்” என்பது 18 ஆகாத பிள்ளைக்குப் பொருந்தாது. பொதுச் சட்டத்தில் இருவருக்குமே 18 வேண்டும், பெற்றோர் சம்மதம் அதை மாற்றாது. பெண்ணுக்கு 16கூட ஆகவில்லை என்றால் மாப்பிள்ளைப் பையன் மேல் கற்பழிப்பு வழக்கே வரும். பிறகு பிறக்கும் குழந்தையின் சான்றிதழிலும் தகராறு: கல்யாணம் பதியாவிட்டால், தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டால், இல்லாவிட்டால் நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் தகப்பன் பெயர் ஏறும்.

பிறப்புப் பதிவையே சிலர் தள்ளிப் போடுகிறார்கள். மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், தாமதமானால் அலைச்சல் அதிகம். அங்கேயே நின்று பெயரை எழுத்துக் கூட்டிப் பாருங்கள். தகப்பனின் அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பிள்ளையின் சான்றிதழில் இன்னொரு மாதிரி இருந்தால் பின்னால் அடையாள அட்டை எடுக்கும்போது பிள்ளைதான் அலையும்.

“கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிங்க சேர்” என்று வாத்தியாரிடம் ஒப்படைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. பாடசாலையில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலும் 2016இலும் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆகவே நீங்கள் கொடுக்கும் அனுமதிக்கு மதிப்பில்லை. வீட்டிலும் அப்படித்தான்: தன் பொறுப்பிலுள்ள 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேண்டுமென்றே கொடுமைப்படுத்தினால், கவனிக்காமல் கைவிட்டால், 2 முதல் 10 ஆண்டு வரை சிறை. பெற்ற தாய் தகப்பனுக்கு அதில் விலக்கு இல்லை.

தகப்பன் விட்டுவிட்டுப் போனால் தாபரிப்பு, அதாவது பிள்ளையை வளர்க்கும் செலவுக்கான காசு, கேட்க வெட்கப்படுவதும் பிள்ளைக்கு நட்டம். 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணம் பதியாவிட்டாலும் பிள்ளைக்குத் தாபரிப்பு உண்டு. நீதவான் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். வக்கீலுக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.