நெட்ஸில் நூறு, மேட்ச்சில் நாலு: ஜூனியர் பேட்டிங்கைக் கெடுக்கும் தவறுகள்

அக்டோபரில் சீசன் தொடங்கினால் போதும், மேற்குச் சிட்னி மைதானங்களில் புது ஜூனியர் கோச்கள் வந்து நிற்பார்கள். முக்கால்வாசிப் பேர் அப்பாக்கள்தான். பையனின் அணிக்கு ஆள் இல்லை என்று கிளப் கெஞ்சியதும் கையைத் தூக்கியவர்கள். நல்ல மனிதர்கள், பாவம். ஆனால் முதல் மாதத்திலேயே அவர்கள் செய்கிற தவறுகளைப் பார்த்தால் எங்கள் செட்டு கோச்கள் செய்தவையே அதே வரிசையில் திரும்ப வருகின்றன.

ஹெல்மெட் சரியாகப் பொருந்த வேண்டும், 10 வயதுப் பையனுக்கு அண்ணனின் பேட்டைக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆஸ்திரேலிய பேட்டிங் தரம் சரிந்துவிட்டது என்ற புலம்பல் புதிதல்ல. 2011இல் கேப் டவுனில் 47, 2015இல் டிரென்ட் பிரிட்ஜில் 60, 2016இல் ஹோபார்ட்டில் 85 என்று டெஸ்ட் அணி சுருண்டபோதெல்லாம் கிளப் கிரிக்கெட்டைத்தான் குற்றம் சொன்னார்கள். அதே நாடு 2023இல் ஓவல் மைதானத்தில் டிராவிஸ் ஹெட் 163, ஸ்மித் 121 என்று அடித்து டெஸ்ட் சாம்பியன்ஷிப்பையும் வாங்கியது. ஆகவே எல்லாம் போச்சு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 2024 ஜனவரியில் வார்னர் ஓய்வு பெற்ற பிறகு தொடக்க ஆட்டக்காரர் இடத்துக்கு ஸ்மித், மெக்ஸ்வீனி, கான்ஸ்டாஸ், ஹெட், லபுஷேன் என்று மாற்றி மாற்றி ஆளைப் போட்டுப் பார்த்தார்கள் அல்லவா? புதுப் பந்தை நிதானமாக ஆடி ஒரு மதியம் முழுக்க நிற்கிற ஆள் கிடைப்பது கஷ்டம் என்பது மேலே இப்போதுதான் தெரிகிறது. கீழே, 14 வயதுக்குட்பட்டோர் மேட்ச்சில், எனக்குப் பல சீசன்களாகத் தெரிகிறது.

வரும் இடம் தெரிந்த பந்து

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துகிற தவறு இது. மற்றதையெல்லாம் மேலோட்டமாகப் படித்தாலும் இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

இன்டோர் சென்டரில், நெட்ஸ் எனும் பயிற்சி வலைக்குள், அரை மணி நேரத் தனிப் பயிற்சி. கோச் பத்தடி தள்ளி ஒரு வாளி பந்தோடு நிற்கிறார், அல்லது பவுலிங் மெஷினுக்குப் பின்னால் நிற்கிறார். பந்து வரிசையாக ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, ஹாஃப் வாலி நீளத்தில், அதாவது பேட்டுக்குச் சற்று முன்னால் குத்தி அடிக்க வசதியாக, வருகிறது. பையன் முன்காலைப் போட்டு கவர் டிரைவ் அடிக்கிறான். 'டொக்' என்று அழகான சத்தம். வலைக்கு வெளியே அப்பா போனில் படம் பிடிக்கிறார். அடுத்த பந்தும் அதே இடம், அதே சத்தம்.

சனிக்கிழமை மேட்ச். எதிரணியில் ஒரு சின்னப் பையன், மெதுவாகத் தூக்கிப் போடுகிற ஆஃப் ஸ்பின். நம் பையன் பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்பே முன்காலைப் போட்டுவிட்டான். பந்து வரக் காணோம். பொறுக்க முடியாமல் பேட்டைத் தள்ளினான், மிட் ஆஃபுக்கு லட்டு மாதிரி ஒரு கேட்ச். நாலு ரன். மேட்ச் முடிந்ததும் அப்பா என்னிடம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். "அண்ணை, நெட்ஸில எவ்வளவு வடிவா அடிக்கிறான். மேட்ச்சில மட்டும் ஏன் இப்பிடி? இன்னும் ரெண்டு கிளாஸ் கூட்டிப் போடட்டா?"

அந்த "இன்னும் ரெண்டு கிளாஸ்" என்பதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்புகிறது. அவர்மேல் இல்லை, அவரை அப்படி நம்ப வைத்த ஏற்பாட்டின்மேல். அது கேள்வித்தாளை முன்கூட்டியே கொடுத்துவிட்டு வைக்கிற பரீட்சை. அதில் நூற்றுக்கு நூறு வாங்குவதில் ஆச்சரியமே இல்லை.

பேட்டிங்கில் பாதி வேலை அடிப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பவுலர் ஓடி வரும் வேகம், கை சுற்றுகிற விதம், மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது, பந்து கையை விடும் உயரம் ஆகியவற்றிலிருந்து பந்து எங்கே விழும் என்று கண் கணக்குப் போடுகிறது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் பந்தைக் கடைசி வரை பார்த்துக்கொண்டே இருப்பதில்லை. கையிலிருந்து கிளம்பும்போது பார்ப்பார்கள், அப்புறம் பார்வை பந்துக்கு முன்னதாகவே அது குத்தப்போகும் இடத்துக்குத் தாவிவிடும். 140 கிலோமீட்டர் வேகத்தில் பந்து வந்து சேர அரை விநாடிகூட ஆகாது. அந்த நேரத்துக்குள் முன்காலா, பின்காலா, விடுவதா, அடிப்பதா என்று முடிவெடுக்க இந்தக் கணக்கு இல்லாமல் முடியாது.

மெஷினில் கை ஏது, மணிக்கட்டு ஏது? ஓட்டையிலிருந்து பந்து வருகிறது. எறிகிற கோச்சிடம் கை இருக்கிறது, ஆனால் அது பவுலரின் கை இல்லை. இரண்டிலும் பந்து விழும் இடம் பையனுக்கு முன்பே தெரியும். ஆகவே அவன் கற்றுக்கொள்வது கவர் டிரைவை அல்ல, யோசிக்காமல் முன்காலைப் போடுவதை. இந்தப் பழக்கம் 11 வயதில் ஒட்டிக்கொண்டால் 16 வயதில் கழற்றுவது பெரும்பாடு. நீளம் குறைந்த பந்து வந்தால் முன்காலில் மாட்டிக்கொள்வான், மெதுவாக வந்தால் முந்திக்கொள்வான். விட்டுவிட வேண்டிய பந்தைத் தொட்டு ஸ்லிப்பில் கேட்ச் கொடுப்பான். விடுவது என்ற ஒன்றை அந்த அரை மணி நேரத்தில் அவன் ஒரு முறைகூடச் செய்ததில்லையே! காசு கொடுத்த வகுப்பில் பந்தை விட்டால் அப்பா சும்மா இருப்பாரா?

இதில் ஒரு காசுக் கணக்கும் இருக்கிறது. தனிப் பயிற்சி கோச்சுக்கு அரை மணி நேரத்துக்குள் ஏதாவது முன்னேற்றம் காட்டியாக வேண்டும். ஹாஃப் வாலியை ஊட்டினால் பத்தாவது நிமிடத்திலேயே முன்னேற்றம் காதில் கேட்கும். நீளத்தைக் கணிக்கும் திறமைக்குச் சத்தமே கிடையாது, அது வர இரண்டு சீசன் ஆகலாம். எல்லா கோச்சும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் பணம் கொடுப்பவருக்கு எது பிடிக்குமோ அதுதான் நடக்கும்.

பேட்டிங் ஜாம்பவான் பிராட்மேனின் சிறுவயதுக் கதையை எல்லோரும் சொல்வார்கள். பவ்ரல் ஊரில் தண்ணீர்த் தொட்டியின் செங்கல் அடித்தளத்தில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஸ்டம்பால் அடித்தார் என்று. "பார்த்தீர்களா, திரும்பத் திரும்பப் பயிற்சி" என்று அதற்கு விளக்கமும் கொடுப்பார்கள். சுவரில் பட்ட கோல்ஃப் பந்து ஒரு தடவை வந்த இடத்துக்கு மறு தடவை வருமா? ஒவ்வொரு முறையும் வேறு கோணம், வேறு உயரம். அந்தச் சிறுவன் ஒவ்வொரு பந்துக்கும் புதிதாக முடிவெடுத்துக்கொண்டிருந்தான். அடிலெய்டில், பின்னாளில் டெஸ்ட் ஆடிய சேப்பல் சகோதரர்கள் வீட்டுப் பின்கட்டில் நிஜப் பந்தோடு ஆடி வளர்ந்ததும் இதே கதைதான். எதிரே நிற்பது அண்ணன், அவன் ஹாஃப் வாலி போட மாட்டான். இன்றைக்குப் புதிதாக எழும்பும் புறநகர் வீடுகளில் பின்கட்டு என்பது துணி காயப்போடத்தான் காணும். வேலியைத் தாண்டினால் 'சிக்ஸ் அண்ட் அவுட்' என்று ஆட அங்கே வழியில்லை. அந்த இடத்தைத்தான் நாம் மெஷினை வைத்து நிரப்பிவிட்டோம்.

சரி, என்ன செய்வது? த்ரோடவுனே (கோச் கையால் எறிந்து கொடுக்கும் பந்து) கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏழு வயதுக் குழந்தைக்கு பேட்டைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கலாம், மேட்ச்சுக்கு முன் கை சூடேற ஒரு பத்துப் பந்து போடலாம். அதோடு வாளியை ஓரமாக வையுங்கள். மீதி நேரம் பையன்களே பையன்களுக்கு பவுலிங் போடட்டும். தப்பும் தவறுமாகத்தான் போடுவார்கள், மேட்ச்சிலும் அப்படித்தானே வரப்போகிறது.

நெட்ஸிலும் ஒரு கோளாறு உண்டு. ஐந்து பவுலர்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு பந்தோடு மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஒரு பந்தை ஆடி நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். இரண்டு பந்துக்கு நடுவில் மூச்சுவிட்டு, மனதைக் காலியாக்கி, மறுபடி நிற்கிற பழக்கம் எங்கிருந்து வரும்? பேட் பிடிப்பவனுக்கு மூன்று பவுலர் போதும். ஒவ்வொருவரும் ஒரு ஓவரை முழுதாகப் போட்டு முடிக்கட்டும். ஃபீல்டு எங்கே நிற்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவுட் ஆனால் கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போய் நிற்க வேண்டும். சரியாக விட்ட பந்துக்கும் ஒரு ரன் கொடுங்கள். எங்கள் பையன்கள் முதல் வாரம் இதை வெறுத்தார்கள். பெற்றோர் அதைவிடக் கூடுதலாக வெறுத்தார்கள்.

குட்டி பிட்சைக் கேலி செய்வது

2010களின் பின்பாதியில் கிரிக்கெட் ஆஸ்திரேலியா சின்னப் பிள்ளைகளுக்கு 16 மீட்டர், அடுத்த கட்டத்துக்கு 18 மீட்டர் பிட்ச், அணியில் 7 பேர், அப்புறம் 9 பேர் என்று மாற்றியது. "இது கிரிக்கெட்டே இல்லை" என்று இன்றும் முணுமுணுக்கிற அப்பாக்கள் உண்டு. 20.12 மீட்டரில் 9 வயதுப் பையன் பவுலிங் போட்டால் பந்து இரண்டு முறை குத்தும், இல்லாவிட்டால் வைடாகப் போகும். பேட் பிடிப்பவன் சுழற்றுவதைத் தவிர வேறு எதையும் கற்க மாட்டான். குட்டி பிட்சில் பந்து ஒழுங்கான நீளத்தில் வருகிறது, முன்காலும் பின்காலும் வேலை செய்கின்றன. கேலியை விடுங்கள்.

சிந்தெடிக்கிலேயே 15 வயது வரை

ஊர்ப் பூங்காக்களில் கான்கிரீட் மேல் செயற்கைப் புல் ஒட்டிய பிட்ச்தான் இருக்கும். பராமரிப்பு குறைவு, மழைக்கும் தாங்கும், வேறு வழியில்லை. ஆனால் அதில் பந்து ஒரே மாதிரி, இடுப்பு உயரத்துக்கு, ஒழுங்காக எழும்பும். கையை இறுக்கி, பந்து வரும் கோட்டிலேயே பேட்டை வீசினால் ரன் வரும். அப்படி ரன் குவித்த பையன் 16 வயதுக்குட்பட்டோருக்கான கிரீன் ஷீல்டுக்குத் தேர்வாகி முதல் தடவை நிஜப் புல் பிட்சில் இறங்குவான். பந்து கொஞ்சம் நின்று வரும், கொஞ்சம் தாழும், சீமில் பட்டு நகரும். மூன்று இன்னிங்ஸில் அவன் நம்பிக்கை போய்விடும். அருகில் உள்ள பெரிய கிளப்பிடம் கேட்டு, அவர்கள் ஆடி முடித்த பழைய புல் பிட்சில் மாதம் ஒரு மாலையாவது பிள்ளைகளை நிற்க வையுங்கள். கேட்டால் தருகிறார்கள். யாரும் கேட்பதில்லை.

வீடியோ

நிறுத்துங்கள்.

12 வயதில் முத்திரை குத்துவது

வட்டாரத்தின் சார்பில் ஆடும் ரெப் அணித் தேர்வு நாளில் உயரமாக, மீசை அரும்பிய பையன்கள் தேர்வாவார்கள். மற்றவன் "பவுலர்" அல்லது "கீப்பர்" ஆகிவிடுவான், எட்டாவதாக இறங்குவான், இறங்கும்போது நாலு பந்து மிச்சம் இருக்கும். அடுத்த வருடம் "இவனுக்கு பேட்டிங் வராது" என்பார்கள். வாய்ப்பே கொடுக்காமல் எப்படி வரும்?

ஸ்டீவ் ஸ்மித் 2010இல் லார்ட்ஸில் அறிமுகமானபோது லெக் ஸ்பின்னராக வந்தார், எட்டாவதாக பேட் பிடித்தார். மைக் ஹஸி முதல்தர கிரிக்கெட்டில் 15,000க்கும் மேல் ரன் அடித்த பிறகே, 30 வயதில், டெஸ்ட் தொப்பி வாங்கினார். ஆடம் வோஜஸ் 35 வயதில் அறிமுகமாகி அதே மேட்ச்சில் சதம் அடித்தார். நீங்கள் 12 வயதில் எழுதுகிற முத்திரைக்கு என்ன மதிப்பு என்று இதிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்கூப் ஆடுகிறவனைத் திட்டுவது

சாம் கான்ஸ்டாஸ் 2024 பாக்ஸிங் டே (டிசம்பர் 26) அன்று 19 வயதில் பும்ராவின் பந்தைக் கீப்பர் தலைக்கு மேல் தூக்கி ராம்ப் (ஸ்கூப்) அடித்ததிலிருந்து ஒவ்வொரு நெட்ஸிலும் பிள்ளைகள் அதையே முயல்கிறார்கள். முயலட்டும், திட்டாதீர்கள். இன்னொரு விஷயத்தையும் மட்டும் சொல்லி வையுங்கள்: அதே ஆண்டு அக்டோபரில் அவர் மாநில அணிகள் ஆடும் ஷெஃபீல்டு ஷீல்டில் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 152, 105 என்று ஒரே மேட்ச்சில் இரண்டு சதம் அடித்திருந்தார். அந்த இரண்டு இன்னிங்ஸைப் பார்த்துத்தான் அவர் பெயரைப் பேச ஆரம்பித்தார்கள்.

குளிர்காலத்திலும் கிரிக்கெட்

வேண்டாம். ஃபுட்டி, சாக்கர், டென்னிஸ், எதையாவது ஆடட்டும்.

கிழடுகளை விரட்டுவது

சிட்னியின் பெரிய கிளப்புகள் மோதும் கிரேடு கிரிக்கெட்டில் முதல் கிரேடு முதல் ஐந்தாம் கிரேடு வரை உண்டு. முன்பெல்லாம் மூன்றாம், நாலாம் கிரேடில் முன்னாள் முதல் கிரேடு ஆட்டக்காரர்கள் 35, 38 வயதிலும் ஆடிக்கொண்டிருப்பார்கள். 16 வயதுப் பையன் அவர்களைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். வேகம் இருக்காது, ஆனால் ஒரு இலவச ரன்கூடக் கொடுக்க மாட்டார்கள். எதிர் முனையில் பேட் பிடித்தால் ஓவருக்கு இடையில் வந்து "அடுத்த மூன்று ஓவர் இந்தப் பக்கமே பார்க்காதே" என்பார்கள்.

இப்போது சனிக்கிழமை முழுவதையும் தருகிற குடும்பஸ்தர்கள் குறைந்துவிட்டார்கள். இருக்கிற ஓரிருவரையும் "இளைஞர்களுக்கு வழிவிடுங்கள்" என்று கிளப்பே அனுப்பிவிடுகிறது. மேல்மட்டத்திலும் ஒருகாலத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். 2009-10இல் மாநில இரண்டாம் அணிகளின் போட்டியை ஃபியூச்சர்ஸ் லீக் ஆக்கி, 23 வயதைத் தாண்டியவர்கள் அணிக்கு மூன்று பேர்தான் என்று வரம்பு வைத்தார்கள். மூத்தவர்கள் ஒதுங்கினார்கள், இளைஞர்கள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டார்கள். விமர்சனம் கிளம்பிய பிறகு அந்த வரம்பைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

உங்கள் கிளப்பில் அப்படி ஒரு நரைத்த ஆஃப் ஸ்பின்னர் மிச்சம் இருந்தால், வியாழக்கிழமைப் பயிற்சிக்கு அரை மணி முன்னதாக வரச் சொல்லிக் கேளுங்கள். 13 வயதுப் பையனுக்கு மூன்று ஓவர் போடட்டும். நடுவில் யாரும் வாய் திறந்து கோச்சிங் கொடுக்கக் கூடாது, அப்பா உட்பட.