எகிப்து போறீங்களா, ஸ்டூடண்ட் கார்டை மறந்துடாதீங்க

காலேஜ் ஐடி மட்டும் நீட்டினா கவுண்டர்ல யோசிப்பாங்க, அதனால ஊர்லயே ஐஎஸ்ஐசி, அதாவது சர்வதேச மாணவர் அடையாள கார்டு எடுத்துடுங்க, கீஸா பிரமிடு, கர்னாக் கோயில்னு பெரும்பாலான இடத்துல டிக்கெட் பாதி விலைதான். பல கவுண்டர்ல கேஷே வாங்க மாட்டாங்க, பேங்க் கார்டு கையில இருக்கணும்.

லக்ஸர்ல ராஜாக்கள் பள்ளத்தாக்கு டிக்கெட்டுக்கு 3 கல்லறைதான் பாக்கலாம், துட்டன்காமனுக்குத் தனி டிக்கெட். 4ஆம் ராம்செஸ் கல்லறை திறந்திருந்தா விடாதீங்க, உள்ளே கூரை முழுக்க ஓவியத்துல வானத்து தேவி நூத் உடம்பை நீட்டிப் படுத்திருப்பா, கழுத்து வலிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னேன்.

கெய்ரோவுல ஒரு நாளை மொகத்தம் மலையடிவாரத்து மன்ஷியத் நாசருக்கு ஒதுக்குங்க. ஊர்க் குப்பையைப் பிரிச்சு மறுசுழற்சி பண்ற ஸபாலீன் மக்கள் அங்கதான் இருக்காங்க, மூட்டைங்க மாடி உயரத்துக்கு அடுக்கியிருக்கும், மூக்கு கொஞ்ச நேரத்துல பழகிடும். அங்க ஒரு பட்டறையில பொண்ணுங்க வீணான துணியைக் கிழிச்சுத் தறியில விரிப்பு நெய்யறாங்க, வாங்குறதுன்னா அங்கயே வாங்குங்க. போனை மட்டும் பைக்குள்ளயே வைங்க, கேக்காம போட்டோ எடுத்தா முகம் சுளிப்பாங்க, நியாயம்தானே, அது அவங்க வீட்டு வாசல்.