‘பை’யா, ‘அன்டில்’லா, ‘வித்தின்’னா? ஆங்கிலத்தில் காலக்கெடு எழுதும் முறை

‘வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன்’, ‘வெள்ளிக்கிழமை வரை ஊரில் இருப்பேன்’ என்று தமிழில் சொல்லும்போது யாரும் தடுமாறுவதில்லை. அதையே மின்னஞ்சலில் எழுதும்போது ‘ஐ வில் சென்ட் இட் அன்டில் ஃப்ரைடே’ என்று வந்து விழுகிறது. வெள்ளி வரை விடாமல் அனுப்பிக்கொண்டே இருப்பதாகப் பொருள்படும் வாக்கியம் அது. எழுதும்போது கீழே உள்ள வரிசையில் சரிபாருங்கள்.

படி 1: வினையைப் பாருங்கள்

தமிழ் வாக்கியத்தில் ‘தொடர்ந்து’ என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் ‘அன்டில்’. காத்திருப்பது, தங்குவது, வேலை பார்ப்பது எல்லாம் இந்த வகை. வினையோடு ‘விடு’ சேர்ந்து நின்றால் (கட்டிவிடுவேன், அனுப்பிவிடுவேன்) அது ஒரு முறை நடந்து முடிகிற செயல், அதற்கு ‘பை’.

ஒரே சொல் இரண்டு பக்கமும் போகும். ‘தி லைப்ரரி வில் ஓபன் பை எய்ட்’ என்றால் எட்டு மணிக்குள் திறந்துவிடுவார்கள். ‘தி லைப்ரரி வில் பி ஓபன் அன்டில் எய்ட்’ என்றால் எட்டு மணி வரை திறந்திருக்கும். ‘டில்’ என்று எழுதினாலும் இதே பொருள்தான். அது ‘அன்டில்’லின் சுருக்கம் அல்ல, அதைவிடப் பழைய சொல்.

படி 2: ‘க்குள்’ எதன்மேல் ஏறியிருக்கிறது?

நம் ‘க்குள்’ இரண்டு வேலை செய்கிறது, அதனால்தான் குழப்பம். திங்கட்கிழமைக்குள், 5 மணிக்குள் என்று ஒரு புள்ளியைக் குறித்தால் ‘பை’. மூன்று நாட்களுக்குள் என்று ஒரு கால அளவைக் குறித்தால் ‘வித்தின்’. ‘பை த்ரீ டேஸ்’ தவறு. ‘இன் டென் மினிட்ஸ்’ என்று எழுதினால், இப்போதிலிருந்து பத்து நிமிடம் கழித்து என்றே பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

படி 3: கடைசி நாள் சேருமா?

‘பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளியும் சேரும். ‘பிஃபோர் ஃப்ரைடே’ என்றால் சேராது. சிக்கல் ‘ஆன் லீவ் அன்டில் மண்டே’யில்தான். திங்களன்று வருவீர்களா என்பது அதைப் படிக்கிற ஆளைப் பொறுத்து மாறும். ‘ஐ வில் பி பேக் ஆன் டியூஸ்டே’ என்று திரும்பி வரும் நாளையே எழுதிவிடுங்கள். பணம், விண்ணப்பம் போன்றவற்றுக்கு மணியையும் சேர்க்க வேண்டும்: ‘பை 5 பிஎம் ஆன் ஃப்ரைடே’.

படி 4: எதிர்மறை வந்தால் நின்று யோசியுங்கள்

அதிகம் தவறுவது இங்கேதான். ‘பணம் கட்டாத வரை ரசீது கிடைக்காது’ என்று தமிழில் இரண்டு எதிர்மறை வரும். அதை அப்படியே மாற்றி ‘அன்டில் யூ டோன்ட் பே’ என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் ‘அன்டில்’லுக்குப் பின்னால் எதிர்மறை வேண்டாம், ‘வில்’லும் வேண்டாம்: ‘யூ வில் நாட் கெட் எ ரிசீட் அன்டில் யூ பே’. ‘கட்டாவிட்டால்’ என்று சொல்ல வந்தால் ‘அன்லெஸ் யூ பே’.

படிக்கும்போதும் இதே கவனம் தேவை. ‘தி பார்சல் டிட் நாட் கம் அன்டில் சிக்ஸ்’ என்பதை ‘ஆறு மணி வரை வரவில்லை’ என்று மாற்றினால், வந்ததா இல்லையா என்பதே தெரியாமல் போகும். பார்சல் வந்துவிட்டது, ‘ஆறு மணிக்குத்தான் வந்தது’ என்பதே சரி. ஆறு மணி நிலவரப்படி இன்னும் வந்திருக்கவில்லை என்று மட்டும் சொல்ல ‘ஹேட் நாட் கம் பை சிக்ஸ்’ என்று எழுதுவார்கள்.

படி 5: காலம் அல்லாத ‘வரை’

இடமென்றால் ‘ஆஸ் ஃபார் ஆஸ் சேலம்’, தொகையென்றால் ‘அப் டு 500 ருபீஸ்’. இரண்டிலும் ‘அன்டில்’ வராது.