வாட்டர் கலரில் வண்ணக் கலவை: மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை

வண்ணச் சக்கரத்தைப் போர்டில் வரைந்து, நோட்டில் நிரப்பச் சொன்னால் பிள்ளைகள் அழகாக நிரப்பிவிடுவார்கள். ஆனால் மறுநாள் கத்தரிக்காய் வரையும்போது அந்த ஊதாவை எதிலிருந்து எடுப்பது என்று தெரியாமல் முழிப்பார்கள். கலந்து பார்த்தால்தான் நிறம் பிடிபடும்.

அதனால் முதல் வேலையாகக் கறுப்பு, வெள்ளை, பச்சை, ஊதா, பிரவுன் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிடுங்கள். ஆறு ட்யூப் போதும்: மஞ்சளில் லெமன் எல்லோ, கேம்போஜ்; சிவப்பில் வெர்மிலியன், கிரிம்சன்; நீலத்தில் அல்ட்ராமரின், பிரஷ்யன் ப்ளூ. மஞ்சள், சிவப்பு, நீலம் ஒவ்வொன்றிலும் இரண்டு இருக்கிறதே, அதில்தான் பாடமே இருக்கிறது.

"சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா" என்று எல்லாரும் சொல்வார்கள். சரி, வெர்மிலியனையும் பிரஷ்யன் ப்ளூவையும் கலக்கச் சொல்லுங்கள். ஊதா வராது, அழுக்கான ஒரு பழுப்புதான் வரும். ஏன் என்று அவர்களையே யோசிக்க விடுங்கள், அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். வெர்மிலியன் மஞ்சள் பக்கம் சாய்ந்த சிவப்பு, பிரஷ்யன் பச்சை பக்கம் சாய்ந்த நீலம், ஆக மஞ்சள், சிவப்பு, நீலம் என்ற மூன்று முதன்மை நிறங்களும் உள்ளே வந்து ஒன்றையொன்று மங்கடித்துவிடுகின்றன. அப்புறம் கிரிம்சனோடு அல்ட்ராமரினைக் கலந்தால் தெளிவான ஊதா வந்து நிற்கும். பச்சையும் இப்படித்தான்: லெமன் எல்லோவும் பிரஷ்யனும் சேர்ந்தால் நாற்றுப் பச்சை, கேம்போஜும் அல்ட்ராமரினும் சேர்ந்தால் முற்றிய இலையின் மங்கல் பச்சை. ஒரு மரம் வரைய இரண்டுமே வேண்டும்.

கலக்கும்போது மஞ்சளை முதலில் வைத்து, நீலத்தைப் பிரஷ் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். நீலத்தில் தொடங்கினால் மஞ்சள் ட்யூப் காலியாகிவிடும். ஆளுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் வையுங்கள், ஒன்று கழுவ, ஒன்று கலக்க. நிறத்தை வெளுக்க வைப்பதும் தண்ணீர்தான், வெள்ளை பெயிண்ட் இல்லை. காய்ந்ததும் இன்னும் ஒரு படி வெளுக்கும், அதையும் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

தக்காளிக்கு நிழல் போடக் கறுப்பைத் தேடுவார்கள். வண்ணச் சக்கரத்தில் சிவப்புக்கு நேர் எதிரே இருக்கும் பச்சையைத் துளி சேர்த்தால் சிவப்பு உயிரோடு இருந்தபடியே இருளும்.

கடைசியாக ஒரு சோதனை, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆரஞ்சையும் நீலத்தையும் கலந்து ஒரு தாள் முழுக்கச் சாம்பல் நிறம் பூசி, காய்ந்தபின் இரண்டு சின்னச் சதுரம் வெட்டுங்கள். ஒன்றை ஆரஞ்சுத் தாளிலும் மற்றதை நீலத் தாளிலும் வைத்தால், ஒரே சாம்பல் இரண்டு நிறமாகத் தெரியும். பாரிஸின் கோப்லின் நெசவாலையில் நீலத்தை ஒட்டி வந்த கறுப்பு நூல் சோபிக்கவில்லை என்று புகார் வந்தபோது, குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நிறத்தில் என்று கண்டுபிடித்தவர் அங்கே சாயப் பிரிவைக் கவனித்த ஷெவ்ரல். 1839-இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். சதுரங்களை இடம் மாற்றி வைக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள்.