குரலும் டபுள் பேஸும்: இருவராக ஒரு ஜாஸ் பாட்டைப் பழகும் முறை

பாடுகிறவர் ஒருவர், டபுள் பேஸ் (நிமிர்த்தி வைத்து வாசிக்கும் பெரிய, தாழ்ந்த ஒலி வயலின்) வாசிக்கிறவர் ஒருவர். ஒரு ஜாஸ் ஸ்டாண்டர்ட்டை (ஜாஸ் கலைஞர்கள் எல்லோரும் எடுத்துப் பாடும் பழகிய பாட்டை) முழுமையாகத் தர இந்த இரண்டு பேர் போதும். அமெரிக்கப் பாடகி ஷீலா ஜோர்டன் இதைத் தனி வடிவமாகவே வளர்த்தெடுத்தவர். 1977இல் நோர்வே பேஸ் கலைஞர் அரில்ட் ஆண்டர்சனோடு அவர் பதிவு செய்த இசைத்தட்டில் இந்த இரண்டு ஒலிகளைத் தவிர வேறெதுவும் இல்லை. பழகத் தொடங்குமுன் அதை ஹெட்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் பேஸின் அடி ஒலி வராது, பாதிப் பாட்டுத்தான் கேட்கும்.

யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படித்தவர்கள் இதற்கு ஏற்கெனவே பாதித் தயார் என்பது என் உறுதியான எண்ணம். காரணம் மூன்றாம் படியில் வருகிறது.

படி 1: வாத்தியம்

டபுள் பேஸ் இங்கே கிடைப்பது கஷ்டம். கிடைக்காவிட்டால் பேஸ் கிற்றாரில் தொடங்குங்கள். தேவாலயப் பாடகர் குழுக்களில் வாசிக்கிற யாரையாவது கேட்டால் ஒன்று கைக்கு வரும். இரண்டிலும் தந்திகள் ஈ, ஏ, டி, ஜி (மேற்கத்தியச் சுரப் பெயர்கள்: E, A, D, G). ஒலிக்கும் சுருதியும் ஒன்றுதான். பிரிட்ஜுக்கு (தந்திகளைத் தாங்கும் கட்டைக்கு) பக்கத்தில் தந்திகளின் கீழே சின்ன ஸ்பொஞ்சுத் துண்டைச் செருகிப் பெருவிரலால் மீட்டினால், டபுள் பேஸின் கட்டையான ஒலிக்குக் கிட்ட வரும்.

டபுள் பேஸ் உள்ளவர்கள் அதை மாரி மழையில் ஈரச் சுவரோடு சாய்த்து வைக்க வேண்டாம். சித்திரை வெயில் விழும் யன்னலோரமும் ஆகாது. மூட்டு ஒட்டுகள் விட்டுவிடும்.

படி 2: பேஸ்காரர் ஏழு சுரங்களைப் பிடிப்பது

‘ஆட்டம் லீவ்ஸ்’ பாட்டை எடுப்போம். ஜோசப் கோஸ்மா 1945இல் அமைத்த மெட்டு அது. ஈ மைனரில் (ஈயை ஷட்ஜமாகக் கொண்ட மைனர் சுருதியில்) முதல் வரிக்கு அடிச்சுரங்கள், அதாவது பேஸ் கீழே வைக்கும் சுரங்கள், இப்படிப் போகும்: ஏ, டி, ஜி, சி, எஃப் ஷார்ப் (எஃப்புக்கு அரைச் சுரம் மேலே), பி, ஈ. ஒரு பாருக்கு (நாலு தட்டு கொண்ட ஒரு சுற்றுக்கு) ஒரு சுரம், கடைசி ஈ மட்டும் இரண்டு பார். மொத்தம் எட்டு பார். முழுப் பாட்டு 32 பார்.

இந்தச் சுருதியை வேண்டுமென்றே தெரிவு செய்தேன். ஏ, டி, ஜி, ஈ நான்கும் திறந்த தந்திகள். மிச்சம் மூன்றும் தந்தியின் தலைப்பக்கத்து முதல் பிடியிலேயே இருக்கின்றன. ஏ தந்தியில் நடுவிரலுக்கு பி, சுண்டுவிரலுக்கு சி. ஈ தந்தியில் நடுவிரலுக்கு எஃப் ஷார்ப். மோதிரவிரல் தனியாக எதையும் அமர்த்தாது, சுண்டுவிரலுக்குத் துணையாக நிற்கும். இடது கை இடம் மாறவே தேவையில்லை. வலது கையில் சுட்டுவிரலின் பக்கச் சதையால், விரல்பலகை முடியும் இடத்தில் இழுங்கள். நுனிவிரலால் கிள்ளினால் ஒலி மெலிந்துவிடும்.

படி 3: பாடுகிறவர் காந்தாரத்தில் இறங்குவது

இந்தப் படிக்குத்தான் கனக்க நேரம் கொடுக்க வேண்டும்.

எங்கள் கர்நாடகப் பாட்டில் தம்புராவின் ஷட்ஜம் (‘ச’) அசையாது. இங்கே பாருக்குப் பார் அடிச்சுரம் மாறுகிறது. கிரக பேதம் (ஷட்ஜத்தை வேறு சுரத்துக்கு மாற்றிக் கேட்பது) தெரிந்தவருக்கு இது புதிதல்ல. ஒவ்வொரு பாரிலும் பேஸ் ஒரு புது ஷட்ஜத்தை வைக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏயிலிருந்து டி, டியிலிருந்து ஜி, ஜியிலிருந்து சி எல்லாம் சுத்த மத்திமத் தாவல்கள் (‘ச’விலிருந்து சிறிய ‘ம’வுக்கு). சியிலிருந்து எஃப் ஷார்ப் மட்டும் பிரதி மத்திமம் (பெரிய ‘ம’). அந்த ஒரு இடத்தில் பாட்டு முகம் வாடுவதைக் காது உடனே பிடிக்கும்.

இப்போது மெட்டைப் பாருங்கள். முதல் பாரில் பேஸ் ஏ, குரல் சியில் நிற்கிறது: சாதாரண காந்தாரம் (சிறிய ‘க’). மூன்றாம் பாரில் பேஸ் ஜி, குரல் பி: அந்தர காந்தாரம் (பெரிய ‘க’). ஐந்தில் எஃப் ஷார்ப்புக்கு மேல் ஏ, ஏழில் ஈக்கு மேல் ஜி: இரண்டும் சாதாரண காந்தாரம். மேஜரா மைனரா என்று சொல்வது காந்தாரம்தான். பியானோ வைக்க வேண்டிய அந்தச் சுரத்தைப் பாடுகிறவரே வைக்கிறார். இரண்டு பேராலும் ஒரு கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) ஒலிப்பது இப்படித்தான்.

அதனால் அந்த நாலு இடத்திலும் கமகம் வேண்டாம். காந்தாரத்தை அசைத்தால் கோர்ட்டும் சேர்ந்து அசையும். நேராகப் பிடித்து, மூச்சு முடிய விடுங்கள். முதலில் சொற்களை விட்டு அகாரத்தில் பாடுங்கள். பேஸ் ஒரு சுரத்தை நீட்ட, அதன் காந்தாரத்தை நீங்கள் தேடிப் பிடித்துப் பிறகு அடுத்த பாருக்குப் போங்கள். தாளமே வேண்டாம். காந்தாரம் தேடாமலே வாயில் வரத் தொடங்கியதும் சொற்களைச் சேர்க்கலாம்.

படி 4: இரண்டும் நாலும்

அளவெட்டி தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கொண்டாடும் ஊருக்கு லயம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒன்றில் தட்டாமல் இரண்டிலும் நாலிலும் விரல் சொடுக்குங்கள். மெட்ரோனோமை (சீராகத் தட்டிக் காட்டும் கருவியை) நிமிடத்துக்கு 50இல் வைத்து ஒவ்வொரு சத்தத்தையும் இரண்டு, நாலு என்று எண்ணினால் பாட்டின் வேகம் 100. முதலில் தடுமாறும். சொடுக்கிக்கொண்டே சாதாரணமாகக் கதைத்துப் பாருங்கள், கெதியாகப் பிடிபடும்.

படி 5: நடக்கும் பேஸ்

அடிச்சுரங்கள் உறுதியான பிறகு பாருக்கு நாலு சுரம் வாசிக்கலாம். முதல் பாரில் ஏ, சி, ஈ, ஈ ஃப்ளாட் (ஈக்கு அரைச் சுரம் கீழே). அடுத்த பாரில் டி, எஃப் ஷார்ப், ஏ, ஏ ஃப்ளாட். அதிலிருந்து ஜி. நாலாவது சுரம் வரப்போகும் அடிச்சுரத்துக்கு அரைச் சுரம் மேலே நிற்கிறது, அதனால் பாட்டு முன்னே இழுபடுகிறது. ஆனாலும் குரல் நீண்டு நிற்கும் இடங்களில் மட்டும் இப்படி நடவுங்கள். சொற்கள் நெருங்கும் இடத்தில் பாருக்கு இரண்டு சுரம் போதும். எந்நேரமும் நாலு சுரம் ஓடினால் பாடுகிறவருக்கு மூச்சு விட இடமிராது.

படி 6: சேர்த்துப் பாடுவது

மூன்று சுற்று போதும். முதல் சுற்றில் பாட்டும் அடிச்சுரங்களும். இரண்டாவதில் பேஸ் தனியாக நடக்க, குரல் காந்தாரங்களை மட்டும் மெல்ல முனகலாம். மூன்றாவதில் சொற்களோடு திரும்புங்கள். கடைசி எட்டு பாரில் வேகத்தைக் குறைப்பது யார் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். பாடுகிறவர் மூச்சை எடுப்பதைப் பார்த்து பேஸ் இறங்குவது நல்லது. ஈ மைனர் தொண்டைக்கு ஒத்துவராவிட்டால், பழகி முடிந்ததும் சுருதியை மாற்றுங்கள். விரல் வசதியைவிடத் தொண்டைதான் முக்கியம்.

அடுத்த பாட்டுக்கு பார்ட் ஹோவார்ட் 1954இல் எழுதிய ‘ஃப்ளை மீ டு த மூன்’ பொருத்தமானது. ஏ மைனரில் அதன் அடிச்சுரங்கள் ஏ, டி, ஜி, சி, எஃப், பி, ஈ, மறுபடி ஏ. இடது கைக்கு அதே பிடிதான். எஃப் ஒன்றுதான் புதிது, அதை ஈ தந்தியில் சுட்டுவிரல் எடுத்துக்கொள்ளும்.